‘100% நேச்சுரல்’ என்று அடித்தால் பில் இயந்திரம் நிற்பது ஏன்?

கேள்வி: மதுரை அண்ணா நகரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் உள்ள ஜவுளிக் கடைகளுக்கு பில் போடும் சிறு இயந்திரங்கள் செய்து தருகிறோம். உள்ளே லினக்ஸ் ஓடுகிறது. நிரல் சி மொழியில். ரசீது அச்சடிக்க ஒரு திறமூல லைப்ரரியை எடுத்துச் சேர்த்திருக்கிறோம். சுங்குடிச் சேலை விற்கும் கடையிலிருந்து வினோதமான புகார் வந்தது. ஆங்கிலத்தில் ‘100% காட்டன்’ என்று பொருளின் பெயரை அடித்தால், காட்டனின் முதல் எழுத்து மறைந்து அந்த இடத்தில் ஏதோ கிறுக்கல் அச்சாகிறது. ‘5% டிஸ்கவுண்ட்’ என்றால் பெரிய எண் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘100% நேச்சுரல் டை’ என்றால் இயந்திரமே நின்றுவிடுகிறது. தமிழில் ‘100% பருத்தி’ என்று அடித்தால் மட்டும் ஒழுங்காக வருகிறது. நிரலைப் பார்த்து, பில்லில் வரி எழுதும் இடத்தைத் திருத்திவிட்டேன். அதன் பிறகும், அதே சேலைக்கு பில் போடும்போது காகிதம் தீர்ந்தால் இயந்திரம் நிற்கிறது. “இனி யாரும் சதவீதக் குறியே அடிக்க முடியாதபடி செய்துவிடு” என்கிறார் முதலாளி. லைப்ரரி திறமூலம், பல பேர் பயன்படுத்துவது. அதில் தவறு இருக்குமா? இது வெறும் அச்சுப் பிழையா, பாதுகாப்புப் பிரச்சினையா? (வாசகர், மதுரை)

பதில்: பாதுகாப்புப் பிரச்சினைதான். அதிலும், 2000ஆம் ஆண்டில் உலகெங்கும் சர்வர்களை விழவைத்த அதே வகை. லைப்ரரியில் தவறு இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தவறு இரண்டு இடத்தில் இருக்கிறது: ஒன்று உங்கள் நிரலில், மற்றொன்று லைப்ரரியில். முதலாளி சொல்வதைச் செய்யாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

குறியீடுகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கணினியில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகள் என்று கொள்ளுங்கள்.

சி மொழியில் எழுத்தை அச்சடிக்கும் பிரிண்ட்எஃப் குடும்பத்துச் செயற்கூறுகளுக்கு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகளுக்கு) கொடுக்கும் வடிவச் சரம் ஒரு குட்டி நிரல். சாதாரண எழுத்து வந்தால் அப்படியே அச்சடிக்கும். சதவீதக் குறி வந்தால் அடுத்து வருவது கட்டளை. ‘%டி’ என்றால் அடுத்த மதிப்பை எண்ணாக எழுது. ‘%எஸ்’ என்றால் அடுத்த மதிப்பை ஒரு முகவரியாகக் கொண்டு அங்கே இருக்கும் சொற்களை எழுது. ‘%சி’ என்றால் ஒற்றை எழுத்து. உங்கள் திருத்தத்துக்கு முன்பு நிரலில், லைப்ரரியின் செயற்கூறை அழைக்கும் பில்வரி(அச்சு, பொருள்பெயர்) என்ற மாதிரி ஒரு வரி இருந்திருக்கும். கடைக்காரர் அடித்த பெயரே வடிவச் சரமாகிவிட்டது. கல்யாண வீட்டில் மொய் எழுதுபவரிடம் ஒருவர் தன் பெயருக்குப் பதிலாக “முந்தைய பக்கத்துத் தொகையை மாற்றி எழுது” என்று சொல்ல, அவரும் அதைப் பெயர்ப் பத்தியில் எழுதாமல் சொன்னபடியே முந்தைய பக்கத்தைத் திருத்திவிட்டால் எப்படியோ, அப்படித்தான் இது.

இனி உங்கள் மூன்று சேலைகளையும் பார்ப்போம். ‘100% காட்டன்’ என்பதில் குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி இருக்கிறதே, அது தடுக்காதா என்று கேட்கலாம். தடுக்காது. அந்த இடைவெளியும் கட்டளையின் ஒரு பகுதி. நேர்ம எண் வந்தால் முன்னால் ஓர் இடம் விடு என்று பொருள். ஆகவே பிரிண்ட்எஃப் கண்ணுக்கு அங்கே இருப்பது ‘%சி’. ஒரு மதிப்பை எடுத்து எழுத்தாக அச்சடிக்கப் பார்க்கிறது. மதிப்பு எதுவும் நீங்கள் கொடுக்கவில்லை. ஆனாலும் அது கேட்டு நிற்காது. மதிப்பு வழக்கமாக வந்து சேரும் இடத்தில், அதாவது மதிப்புகளைத் தற்காலிகமாக வைக்கும் பிராசஸர் ரெஜிஸ்டரிலோ நினைவகத்தின் ஸ்டேக் பகுதியிலோ, அந்த நேரத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அதுதான் உங்கள் கிறுக்கல். டிஸ்கவுண்டின் முதல் எழுத்து ‘%டி’ ஆகிறது. அங்கே அச்சான பெரிய எண் உங்கள் நிரலின் நினைவகத்திலிருந்து வெளியே வந்த ஒரு துண்டு. ‘100% பியூர்’ என்று யாராவது அடித்தால் ஒரு முகவரியே பதினாறடிமான எண்ணில் பில்லில் அச்சாகும். ‘100% சில்க்’ என்றால் இன்னும் மோசம். குப்பையாகக் கிடக்கும் எண்ணை முகவரியாக நினைத்துப் படிக்கப் போய், பெரும்பாலும் அங்கேயே விழும்.

நேச்சுரல் கதை வேறு. அதன் முதல் எழுத்தால் உருவாவது ‘%என்’. இந்தக் குடும்பத்தில் அச்சடிக்காமல் எழுதுகிற கட்டளை இது ஒன்றுதான்: இதுவரை எத்தனை எழுத்து அச்சாகியிருக்கிறது என்ற எண்ணிக்கையை, கொடுத்த முகவரியில் போய் எழுதும். பத்தியை வரிசைப்படுத்த உதவும் என்று வைத்த வசதி. உங்கள் பெயரில் குறிக்கு முன்னால் ‘100’ என்று மூன்று எழுத்துகள் இருக்கின்றன; ஆகவே 3 என்ற மதிப்பை, யாரும் கொடுக்காத ஏதோ ஒரு முகவரியில் எழுதப் பார்த்தது உங்கள் இயந்திரம். எழுத அனுமதி இல்லாத இடமாக இருந்ததால் நின்றது, நின்றதே நல்லது. எழுதக்கூடிய இடமாக இருந்திருந்தால் சத்தமில்லாமல் ஒரு மதிப்பு மாறி, வேறு எங்கோ ஒரு பில்லில் கணக்கு உதைத்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தீபாவளியே முடிந்துபோயிருக்கும்.

நின்றதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் என்ற கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்குத் தொகுக்கும் கருவி) பாதுகாப்பை இரண்டாம் நிலையில் போட்டுத் தொகுத்திருந்தால், எழுதக்கூடிய நினைவகத்தில் இருக்கும் சரத்துக்குள் ‘%என்’ வந்தவுடன் ஜிலிப்சி (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் அடிப்படை சி லைப்ரரி) தானாகவே நிரலை நிறுத்திவிடும். சீரியல் கேபிளை மாட்டி இயந்திரத்தின் கன்சோலைப் பாருங்கள். எழுதக்கூடிய பகுதியில் ‘%என்’ கண்டுபிடிக்கப்பட்டது என்ற பொருளில், இருபுறமும் மூன்று நட்சத்திரக் குறிகளோடு ஆங்கில வரி ஒன்று இருந்தால் காவலாளி வேலை செய்திருக்கிறார் என்று பொருள். வெறும் செக்மென்டேஷன் ஃபால்ட் (அனுமதியில்லாத நினைவகத்தைத் தொட்டதால் நின்றது) என்று மட்டும் இருந்தால் காவலாளியே இல்லை. இந்தக் காவல் எழுதுவதைத்தான் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது.

தமிழில் அடித்தால் ஒழுங்காக வருவது தற்செயல். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேல். கட்டளை எழுத்துகளோ எல்லாம் 128க்குக் கீழே. எனவே சதவீதக் குறிக்குப் பின்னால் ‘ப’ வந்தால் அது எந்தக் கட்டளையும் ஆகாது. தெரியாத கட்டளையைக் கண்டால் ஜிலிப்சி இருந்ததை இருந்தபடி அச்சடித்துவிட்டுப் போகிறது. சி மொழித் தரம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை; என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்றே விட்டிருக்கிறது. சிறு கருவிகளில் பயன்படும் வேறு சி லைப்ரரிகளில் அந்த வரியே அச்சாகாமல் போகக்கூடும். ஆகவே “தமிழில் அடியுங்கள், சரியாக வரும்” என்று கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். சொல்லிவிட்டு நான்கு நாள் நிம்மதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் திருத்தம் பில்வரி(அச்சு, "%எஸ்", பொருள்பெயர்) என்று இருக்கும் என்று நினைக்கிறேன். சரியானதுதான். பெயர் இப்போது தரவு. கட்டளை நீங்கள் எழுதிய நிலையான சரம். இதோடு தொடர்புள்ள இன்னொன்றையும் பாருங்கள். பில்லில் பத்தி நேராக நிற்பதற்காகப் பெயரை இருபது இடத்துக்கு வெட்டும் அளவையும் அதே வடிவச் சரத்தில் போட்டிருப்பீர்கள். அந்த அளவு எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் மூன்று பைட்டு; இருபது பைட்டில் ஆறு குறிகள் முடிந்து ஏழாவது குறி இடையில் வெட்டுப்பட்டு, வரிக் கடைசியில் கேள்விக்குறிக் கட்டமாக நிற்கும். பாதுகாப்புப் பிழை இல்லை. ஆனால் அடுத்த புகார் அதுவாகத்தான் இருக்கும்.

இனி காகிதம் தீரும்போது நடப்பது. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி அதுதான். லைப்ரரியின் பிழை கையாளும் பகுதியைத் திறந்து பாருங்கள். நான் எதிர்பார்ப்பது இதுதான்: முதலில் எஸ்என்பிரிண்ட்எஃப் (சரத்தை நினைவகத்தில் எழுதும் பிரிண்ட்எஃப் உறவினர்) கொண்டு, ‘காகிதம் இல்லை, கடைசி வரி: %எஸ்’ என்ற நிலையான சரத்தில் பொருளின் பெயரைச் சேர்த்து ஒரு தற்காலிக இடத்தில் வைத்திருப்பார்கள். இதுவரை குற்றமில்லை. அடுத்த வரியில், அந்தத் தற்காலிக இடத்தை அப்படியே, லினக்ஸின் லாக்கில் செய்தி எழுதும் சிஸ்லாக் செயற்கூறுக்கு, சிஸ்லாக்(நிலை, தற்காலிகம்) என்று கொடுத்திருப்பார்கள். சிஸ்லாக் அதைத் தன் வடிவச் சரமாக எடுத்துக்கொண்டு மறுபடி படிக்கும். ‘100% நேச்சுரல்’ இரண்டாம் முறை கட்டளையாகிறது. முதல் வரியில் ‘%எஸ்’ சரியாக இருப்பதால், படிப்பவர் கண் அங்கேயே திருப்தியடைந்து அடுத்த வரியைத் தாண்டிப் போய்விடும். இந்த இரண்டு வரி அமைப்பை நான் நிரல் தணிக்கை செய்யும் இடங்களில் எல்லாம் முதலில் தேடுவேன். ஒரே வரியில் பச்சையாக நிற்கும் தவறைவிட இதுதான் அதிக நாள் உயிரோடு இருக்கிறது.

திறமூலத்தில் இப்படி இருக்குமா என்ற சந்தேகத்துக்குப் பதில் சுடோ. லினக்ஸில் நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை இயக்க எல்லோரும் பயன்படுத்தும் அதே சுடோ. அதன் 1.8.0 பதிப்பில் பிழை ஆராய்வதற்கென்று ஒரு செயற்கூறு சேர்ந்தது. அது நிரலின் பெயரையும் வந்த வடிவச் சரத்தையும் ஒட்டி, புதிய சரம் ஒன்று செய்து, அதை மறுபடி வடிவச் சரமாக அச்சுக்குக் கொடுத்தது. நிரலின் பெயர் என்பது இயக்குபவர் விருப்பப்படி வைக்கக்கூடியது. சுடோவுக்கு வேறு பெயரில் ஓர் இணைப்புக் கோப்பு உருவாக்கி இயக்கினால் போதும். பெயருக்குள் சதவீதக் கட்டளைகளை வைத்தால், சாதாரணப் பயனரின் கையில் நிர்வாகி அதிகாரம் போகக்கூடிய நிலை. 2012இல் வெளியே வந்து, 1.8.3பி2 பதிப்பில் திருத்தினார்கள். பாதுகாப்பையே வேலையாக வைத்திருக்கும் நிரலில், கண்ணுக்குத் தெரிந்த மூல நிரலில், ஒரு வருடத்துக்கு அந்த வரி இருந்தது. மூல நிரல் திறந்திருக்கிறது என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றுதான் பொருள். யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பொருளில்லை. ரசீது அச்சடிக்கும் லைப்ரரியின் காகிதம் தீரும் பகுதியை இதுவரை படித்தவர்களில் நீங்கள் இரண்டாவது ஆளாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இந்த வகைப் பிழையின் வரலாறு சுவையானது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் குழுவினர் யுனிக்ஸ் நிரல்களுக்குக் கன்னாபின்னா என்று உள்ளீடு கொடுத்துப் பார்த்து 1990இல் வெளியிட்ட ஆய்விலேயே, சி ஷெல் என்ற கட்டளை இயக்கும் நிரல் இப்படி விழுந்தது பதிவாகியிருக்கிறது. அப்போது அது நிலைத்தன்மைக் குறையாக மட்டுமே பார்க்கப்பட்டது. 1999இல் புரோஎஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்றச் சர்வரில் இதைக்கொண்டு உள்ளே நுழைய முடியும் என்று காட்டினார்கள். 2000 ஜூனில் டபிள்யூயூ-எஃப்டிபிடி 2.6.0இல் வெளியான ஓட்டைதான் எல்லோரையும் எழுப்பியது. பயனர் அனுப்பிய கட்டளையை அப்படியே பதில் அனுப்பும் செயற்கூறுக்கு வடிவச் சரமாகக் கொடுத்திருந்தார்கள். கடவுச்சொல் தெரியாதவர்கூட தூரத்திலிருந்து சர்வரை முழுதாகக் கைப்பற்றலாம். அதே ஆண்டு ஆர்பிசி ஸ்டேட்டிடி என்ற சேவையில் உங்கள் லைப்ரரியில் இருப்பதுபோலவே சிஸ்லாக் வழியாக ஓர் ஓட்டை. அச்சுப்பொறிச் சேவையான எல்பிஆர்என்ஜியில் இன்னொன்று. 2001 ஜனவரியில் ராமென் என்ற புழு (தானாகப் பரவும் தீய நிரல்) இந்த மூன்றையும் சேர்த்துக்கொண்டு ரெட் ஹேட் 6.2, 7.0 சர்வர்களில் பரவி, இணையதளங்களின் முகப்பை மாற்றி நூடுல்ஸ் புகழ் பாடியது. அச்சுப்பொறிக்குப் போகும் மென்பொருளை யார் தாக்குவார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டால் எல்பிஆர்என்ஜியைச் சொல்லுங்கள்.

2021 ஜூனில் ஐபோனில் நடந்ததும் இதே வகைதான். சதவீதக் கட்டளைகளைப் பெயராகக் கொண்ட ஒரு வைஃபையில் சேர்ந்தவுடன் போனின் வைஃபை வசதியே செயலிழந்தது, ஐஓஎஸ் 14.7இல் திருத்தம் வந்தது. ஆக, இது பழைய காலத்துப் பிழை, இப்போது யாரும் செய்வதில்லை என்பவர்களை நம்ப வேண்டாம்.

ஆபத்து எவ்வளவு? கடைக்காரர் மட்டும் பெயரை அடிப்பதாக இருந்தால், தன் இயந்திரத்தைத் தானே விழவைப்பார், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் உங்கள் இயந்திரத்துக்குள் எழுத்து வரும் வழிகளை எண்ணிப் பாருங்கள். மொத்த வியாபாரி அனுப்பும் பொருள் பட்டியல் கோப்பு. வாடிக்கையாளர் பெயர். எல்லாவற்றுக்கும் மேல் பார்கோடு. பார்கோடு ஸ்கேனர் என்பது கணினியின் பார்வையில் ஒரு கீபோர்டு. கோடு 128 என்ற பார்கோடு வகையில் ஆங்கில எழுத்து, எண், சதவீதக் குறி எல்லாம் அடங்கும். ஒரு சேலையின் துண்டுச் சீட்டில் வேறொரு சீட்டை ஒட்டிவிட்டு கவுண்டரில் கொடுப்பவர், உங்கள் நிரலுக்குள் தான் நினைத்ததை அடித்தவர் ஆகிறார். கண்டுபிடிக்க முடியாத பார்கோடு வந்தால் “இந்தக் குறியீடு இல்லை” என்று லாக்கில் எழுதுகிறீர்கள் அல்லவா? அந்த வரியை இன்றே பாருங்கள். முதலில் முகவரிகளைக் கசியவைத்து நினைவகத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வது, பிறகு ‘%என்’ கொண்டு தேவையான இடத்தில் தேவையான எண்ணை எழுதுவது: தாக்குபவர் போகும் வழி இந்த வரிசையில்தான். நினைவக முகவரிகளைக் கலைத்துப்போடும் பாதுகாப்பெல்லாம், கசிந்த முகவரி ஒன்று பில் காகிதத்தில் அச்சாகிக் கையில் கிடைத்தால் பாதிக்கு மேல் பயனற்றதாகிவிடும்.

இனி முதலாளி சொன்னது. சதவீதக் குறியைத் தடை செய்தால் கடைக்காரர் தள்ளுபடியை எப்படி எழுதுவார்? ஜிஎஸ்டி விகிதத்தை எப்படி எழுதுவார்? ‘100 பெர்சென்ட்’ என்று நீட்டி எழுதச் சொன்னால் இரண்டு நாளில் வேறு நிறுவனத்தின் இயந்திரத்தை வாங்கிவிடுவார். வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் தடை பலன் தராது. உள்ளீட்டுக் கட்டத்தில் தடுப்பீர்கள். பட்டியல் கோப்பு வழியாக வரும். அங்கேயும் தடுப்பீர்கள், பார்கோடு வழியாக வரும். சிலர் குறியை இரட்டிப்பாக்கிச் சேமிப்பார்கள், ‘%%’ என்று; அப்படிச் சேமித்தால் சரியாக எழுதப்பட்ட இடங்களில் எல்லாம் பில்லில் இரண்டு குறிகள் அச்சாகும். தவறு பெயரில் இல்லை. பெயரை வடிவச் சரமாகக் கொடுக்கும் அழைப்பில் இருக்கிறது. அங்கேதான் திருத்த வேண்டும்.

எல்லா அழைப்புகளையும் எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பைலரையே வேலைக்கு வையுங்கள். ஜிசிசி என்ற கம்பைலரில் வடிவப் பாதுகாப்பு எச்சரிக்கை என்று ஒன்று இருக்கிறது. வழக்கமாக எல்லோரும் போடும் ‘வால்’ எச்சரிக்கைத் தொகுப்பில் இது அடங்காது, தனியாகக் கேட்க வேண்டும். உபுண்டுவின் ஜிசிசியில் இது இயல்பாகவே போடப்பட்டிருக்கும். டெபியன், ஃபெடோரா தொகுப்புகளைக் கட்டும்போது இதைப் பிழையாகவே கருதி நிறுத்திவிடுவார்கள். நீங்கள் இயந்திரத்துக்கு நிரல் தொகுப்பது, போர்டு விற்றவர் கொடுத்த, ஏஆர்எம் பிராசஸருக்கான கம்பைலரில் என்று நினைக்கிறேன். அதில் எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். உங்கள் மடிக்கணினியில் வாய் திறந்து கத்தும் எச்சரிக்கை, இயந்திரத்துக்கான தொகுப்பில் வாய் திறக்காதது இதனால்தான். எச்சரிக்கையைப் பிழையாக மாற்றும் தேர்வோடு போடுங்கள். எச்சரிக்கையாக மட்டும் விட்டால் நூறு வரிகளுக்கு நடுவில் ஓடிப்போய்விடும்.

அதுமட்டும் போதாது. சிஸ்லாக், பிரிண்ட்எஃப் போன்றவை வடிவச் சரம் வாங்குபவை என்று கம்பைலருக்குத் தெரியும். பில்வரி என்று லைப்ரரிக்காரர் வைத்த செயற்கூறு அப்படிப்பட்டது என்று அதற்குத் தெரியாது. லைப்ரரியின் தலைப்புக் கோப்பில், அந்தச் செயற்கூறின் அறிவிப்புக்குப் பக்கத்தில், ‘வடிவம்: பிரிண்ட்எஃப், இரண்டாவது மதிப்பு சரம், மூன்றாவதிலிருந்து சரிபார்’ என்று சொல்லும் அட்ரிபியூட் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரு வரிதான். சேர்த்துவிட்டு மறுபடி தொகுத்துப் பாருங்கள். உங்கள் நிரலின் எல்லா மூலையிலிருந்தும் புகார் வரும். நீங்கள் திருத்திய அந்த ஓர் இடத்துக்குச் சகோதரர்கள் எத்தனை பேர் என்று அப்போது தெரியும். இப்படி அறிவிப்பு இல்லாத செயற்கூறுகளையே கண்டுபிடித்துச் சொல்லும் எச்சரிக்கையும் ஜிசிசியில் இருக்கிறது. லாக் எழுதும் சிறு உறை செயற்கூறுகளை ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருப்பார்கள். அவைதான் முதலில் மாட்டும். பிறகு ‘%பி %பி %பி’ (பியூரின் முதல் எழுத்து) என்று ஒரு பொருளைப் பட்டியலில் சேர்த்து, பில், லாக், திரை, தினசரிக் கணக்கு அறிக்கை எல்லாவற்றிலும் அது அப்படியே வருகிறதா என்று பாருங்கள். எங்காவது எண்ணாக மாறினால் அங்கே ஓட்டை. காகிதம் இல்லாமலும், மூடி திறந்த நிலையிலும், கேபிளைப் பிடுங்கியும் இதைச் செய்யுங்கள். பிழை கையாளும் பாதையை யாரும் சோதிப்பதில்லை. உங்கள் லைப்ரரிக்காரரும் சோதிக்கவில்லை.

இயந்திரத்தின் செய்திகளைத் தமிழில் காட்ட கெட்டெக்ஸ்ட் மொழிபெயர்ப்புக் கோப்பு வைத்திருந்தால் அதையும் பாருங்கள். மொழிபெயர்த்த வரிகளும் வடிவச் சரங்கள்தான். ஆங்கிலத்தில் எண் முதலிலும் கடைப் பெயர் பின்னாலும் வரும் வாக்கியம் தமிழில் தலைகீழாகும். மொழிபெயர்ப்பவர் இயல்பாக ‘%எஸ்’ஐ முன்னால் போட்டு ‘%டி’யைப் பின்னால் தள்ளிவிடுவார். அவ்வளவுதான், எண்ணை முகவரியாகப் படிக்கப் போய் நிரல் விழும். இடம் மாற்ற வேண்டுமானால் எத்தனையாவது மதிப்பு என்பதைக் குறிக்குள்ளேயே எண்ணும் டாலர் குறியுமாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பைத் தொகுக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவியைச் சரிபார்ப்புத் தேர்வோடு இயக்கினால், சி-வடிவம் என்று குறிக்கப்பட்ட வரிகளில் இந்தப் பொருத்தமின்மையைப் பிடித்துவிடும். தமிழாக்கம் செய்து தருபவரைக் குறை சொல்லாதீர்கள்; கருவியை இயக்குவது உங்கள் வேலை.

லைப்ரரிக்காரருக்கு எப்படிச் சொல்வது? எல்லோரும் பார்க்கும் குறைப் பட்டியலில் போய், விழவைக்கும் உள்ளீட்டோடு எழுதிவைக்காதீர்கள். களஞ்சியத்தில் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதில் சொன்ன முகவரிக்கு எழுதுங்கள். கிட்ஹப்பில் தனியாகத் தெரிவிக்கும் வசதி திறந்திருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இரண்டும் இல்லையென்றால் மாற்றப் பதிவுகளில் இருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பின் எந்த வரி, எந்த உள்ளீடு, என்ன நடந்தது. பிழை வகைகளின் பொதுப் பட்டியல் எண்ணான சிடபிள்யூஇ-134 என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு உடனே புரிந்துவிடும். ஒரு வரித் திருத்தத்தையும் தலைப்புக் கோப்பு மாற்றத்தையும் நீங்களே செய்து இணைத்து அனுப்புங்கள். இத்தகைய லைப்ரரிகளைப் பெரும்பாலும் ஒரே ஒருவர் இரவு வேலை முடித்துவிட்டு வந்து சம்பளம் இல்லாமல் பராமரிப்பார். உங்கள் நிறுவனம் அவருக்கு ஒரு ரூபாய் தரவில்லை. “உடனே சரிசெய்து தரவும்” என்ற தொனியில் முதலாளி கடிதம் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னிடம் கொண்டுபோகலாம். ஓட்டைகளை ஒருங்கிணைத்துத் தெரிவிப்பதும் சிவிஇ எண் (ஒவ்வோர் ஓட்டைக்கும் தரும் பொது அடையாள எண்) வழங்குவதும் அதன் பணிகளில் சேரும். தொண்ணூறு நாள் பொறுத்துவிட்டு வெளியே சொல்வது இத்துறையில் பொதுவான வழக்கம்.

முதல் தவறு உங்களுடையது என்பதையும் கடிதத்தில் மறைக்க வேண்டாம். பில்வரி வடிவச் சரம் வாங்கும் செயற்கூறு என்று அவருடைய ஆவணத்தில் எழுதியிருந்தால் அதில் அவர் பிழை எதுவும் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியது சிஸ்லாக் வரியைப் பற்றி மட்டும். அட்ரிபியூட் சேர்த்தால் உங்களைப்போன்ற மற்றவர்களும் தப்பிப்பார்கள் என்பதை யோசனையாகச் சொல்லலாம்.

அவர் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லைப்ரரியின் நகல் உங்கள் நிரலோடு சேர்ந்தே இருக்கிறது. அதில் இன்றே திருத்தித் தொகுங்கள், பிறகு அவர் வெளியிடும் பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். எந்தக் கடையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரம் அதைத்தான் முதலில் எழுத வேண்டும். தீபாவளிக் கூட்டத்துக்கு முன்பே எல்லா இயந்திரங்களுக்கும் புதிய மென்பொருள் போய்ச் சேரட்டும். கூட்டம் தொடங்கிவிட்டால் விளக்குத்தூண் பக்கம் எந்தக் கடைக்காரரும் இயந்திரத்தைப் பத்து நிமிடம் அணைக்க விடமாட்டார். உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கும் மாற்று இயந்திரங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடை இயந்திரம் பழுதானால் அவசரத்துக்கு எடுத்துக் கொடுப்பது அவற்றைத்தான். அவற்றில் இருப்பது பழைய பதிப்பு.